கேஸ் நோட்ஸிலிருந்து டெண்டர் ஆவணத்துக்கு: சமூகப் பணியாளர் அரசாங்கக் கணினித் திட்டங்களுக்கு மாறுவது எப்படி?

குடும்பச் சேவை நிலையத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு பாட்டி உதவி கேட்டு வந்தார். அவருடைய அடையாள அட்டையில் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருந்தது; தேதியும் மாதமும் இல்லை. அந்தத் தலைமுறையில் அப்படிச் சிலர் உண்டு. கணினியோ மூன்றையும் கேட்டது. நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடவில்லை. வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். ஜனவரி 1 என்று தட்டிவிட்டு மேலே போனேன்.

பல ஆண்டுகள் கழித்து, பழைய சிஸ்டத்திலிருந்து புதிய சிஸ்டத்துக்குத் தரவை மாற்றும் ஒரு திட்டத்தில் இருந்தேன். "ஜனவரி 1-இல் இத்தனை பேர் எப்படிப் பிறந்தார்கள்?" என்று ஒப்பந்த நிறுவனத்தின் ஆய்வாளர் கேட்டார். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் காரணம் தெரிந்திருந்தது.

சமூகப் பணியிலிருந்து அரசாங்கத் தகவல் தொழில்நுட்பத் திட்டங்களுக்கு மாறலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். கணினி நிரல் எழுதத் தெரிந்தவர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். திரைக்கு இந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார், அவர் எதற்காகப் பொய்யான தேதியைத் தட்டினார் என்று தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் அது தெரிந்திருந்தால் மட்டும் போதாது. அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதவும் தெரிய வேண்டும். இந்த வேலையில் நான் கற்றதில் பெரும்பகுதி அப்படி எழுதுவதைப் பற்றியதுதான். அதனால் இந்த வழிகாட்டியிலும் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: எந்த நாற்காலி என்று முடிவு செய்யுங்கள்

"ஐடி ப்ராஜெக்ட் மேனேஜர்" என்று பொதுவாகச் சொன்னாலும் ஒரு அரசாங்கத் திட்டத்தில் குறைந்தது மூன்று தரப்பு உண்டு. ஒன்று, சிஸ்டத்தைப் பயன்படுத்தப்போகும் துறை. சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சில் ஒரு கொள்கைப் பிரிவோ செயல்பாட்டுப் பிரிவோ அப்படிப்பட்ட தரப்பு. இரண்டு, தொழில்நுட்பத் தரப்பு. 2016-இல் உருவான அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் அதிகாரிகள் பல அமைச்சுகளிலும் கழகங்களிலும் அங்கேயே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். மூன்று, டெண்டரில் வென்று சிஸ்டத்தைக் கட்டித் தரும் நிறுவனம்.

சமூகப் பணியாளருக்கு நான் சொல்லும் வாசல் முதலாவது. பயன்படுத்தும் துறையின் சார்பில் திட்டத்தை வழிநடத்துபவர், அல்லது தேவைகளைச் சேகரித்து எழுதும் பிஸினஸ் அனலிஸ்ட். இந்த இடத்தில் உங்கள் அனுபவம் முதல் நாளிலேயே பயன்படும். தொழில்நுட்பம் தெரியாததை வேலை செய்துகொண்டே ஈடுகட்டிக்கொள்ளலாம். நேராக ஒப்பந்த நிறுவனத்தில் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே லாபக் கணக்கும் எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை என்ற ஆள் நாள் கணக்கும் முதல் மாதமே உங்கள் தலையில் ஏறும். புதியவருக்கு அது கடினம் என்பது என் எண்ணம்.

வேலையை விடுவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீங்கள் இருக்கும் நிலையத்திலோ அலுவலகத்திலோ புதிய சிஸ்டம் வரும்போது "சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும்" என்று மின்னஞ்சல் வரும். பெரும்பாலானவர்கள் அதற்குப் பதில் போடுவதில்லை, ஏனென்றால் கேஸ் வேலை குறையாது. இது கூடுதல் சுமை. நீங்கள் கை தூக்குங்கள். நான் இந்தத் துறைக்குள் வந்தது அந்த வழியில்தான். இரண்டு முறை பயனர் பக்கத்துச் சோதனையில் உட்கார்ந்தேன். மூன்றாவது முறை தேவைகளை எழுதும் குழுவில் சேரச் சொன்னார்கள். நேர்முகத் தேர்வில் பேச எனக்கு இருந்த ஒரே உண்மையான அனுபவம் அதுதான், அது போதுமானதாகவும் இருந்தது.

உங்கள் நிலையம் சிறியது, அப்படி எந்த சிஸ்டமும் வரப்போவதில்லை என்றால், தேசிய சமூக சேவை மன்றம் சமூக சேவை அமைப்புகள் மின்னிலக்கத்துக்கு மாற ஆதரவுத் திட்டங்கள் வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்றுக்கு உங்கள் நிலையத்தை விண்ணப்பிக்க வைத்து, அதை நீங்களே நடத்துங்கள். தன்னார்வலர் பதிவை எக்செலிலிருந்து ஒரு சிறிய மென்பொருளுக்கு மாற்றினால்கூட அது ஒரு திட்டம்தான்.

இரண்டாம் படி: படிப்பு, ஆனால் அளவாக

மூன்று சான்றிதழ் வாங்கிவிட்டுத்தான் விண்ணப்பிப்பேன் என்று இரண்டு வருடம் காத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம். தொடங்குவதற்குத் திட்ட மேலாண்மையில் தொடக்கநிலைச் சான்றிதழான சிஏபிஎம் போதும். அதற்குத் திட்ட அனுபவம் தேவையில்லை. 23 மணி நேர வகுப்பு முடித்தால் தேர்வு எழுதலாம். பலரும் கேட்கும், அதற்கு மேல்நிலையான பிஎம்பி சான்றிதழுக்குப் பட்டதாரி என்றால் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். அந்த 36 மாதம் கணினித் திட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாடகை வீட்டுப் பேட்டையில் நீங்கள் நடத்திய பிள்ளைகளுக்கான திட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் பட்ஜெட்டும் பொறுப்பும் இருந்திருந்தால், அதையும் முறையாக எழுதிக் காட்டலாம்.

செலவுக்கு, குடிமக்கள் வகுப்புக் கட்டணத்துக்கு அரசாங்கம் பணம் போடும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கைப் பாருங்கள். 2016-இல் 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 500 வெள்ளி வந்தது. 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 4,000 வெள்ளி கூடுதலாகச் சேர்ந்தது. அந்த 4,000 எல்லா வகுப்புக்கும் செல்லாது, தேர்ந்தெடுத்த வகுப்புகளுக்கு மட்டும். பணம் கட்டுவதற்கு முன் வகுப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சான்றிதழைவிட எனக்கு உதவியது மூன்று சின்னத் திறமைகள். எக்செலில் ஐயாயிரம் வரிசையை வடிகட்டி எண்ணத் தெரிவது. தரவுத்தளத்திடம் விவரம் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஒரு எளிய கேள்வி எழுதத் தெரிவது. ஒரு வேலை எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று பெட்டியும் அம்புக்குறியும் போட்டு ஒரே தாளில் வரையத் தெரிவது. மூன்றாவது உங்களுக்குக் கஷ்டமே இல்லை; குடும்ப வரைபடம் போட்டுப் பழகிய கை.

மூன்றாம் படி: கேஸ் நோட்ஸ் எழுதிய பழக்கத்தைத் திருத்துங்கள்

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் வந்தவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சமூகப் பணியாளர் கவனமாக எழுதுபவர். "அம்மா சோர்வாக இருந்தார், வேலை பற்றிப் பேசும்போது கண் கலங்கினார், கணவர் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றினார்" என்று நாம் எழுதுவோம். முடிவு சொல்லாமல், அடுத்தமுறை வருபவர் யோசிக்க இடம் விட்டு எழுதுவது நம் தொழிலின் நல்ல குணம். தேவைப் பட்டியலில் அந்த இடம்விடல் ஆபத்து. "சிஸ்டம் வேகமாக இருக்க வேண்டும்" என்று நான் எழுதிய வரியைப் பார்த்து என் மேலாளர் கேட்டார்: "வேகம் என்றால் எத்தனை விநாடி? எத்தனை பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும்போது?" இரண்டுக்கும் எண் போட்ட பிறகுதான் அது தேவை ஆயிற்று. ஒவ்வொரு வரியையும் எழுதியபின் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைச் செய்துவிட்டார்கள், செய்யவில்லை என்று ஒரு மூன்றாம் மனிதர் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் திரும்ப எழுதுங்கள்.

இனி, உங்களைப் போன்றவர் இல்லாவிட்டால் பட்டியலில் வராமல் போகும் சில தேவைகள்.

பெயர். நம் ஊர்த் தமிழர்கள் பலரின் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் "எஸ்/ஓ", "டி/ஓ" என்று சாய்கோடு இருக்கும். மலாய்க்காரர்களுக்கு "பின்", "பிந்தே". முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டமாகப் பிரித்து, சாய்கோட்டைப் பிழையான எழுத்து என்று தள்ளிவிடும் படிவத்தை நானே பார்த்திருக்கிறேன். முகப்பில் இருக்கும் அதிகாரி கோட்டை எடுத்துவிட்டுத் தட்டுவார். பிறகு இன்னொரு சிஸ்டத்தில் இருக்கும் பெயரோடு இது பொருந்தாது. ஒருவருக்குப் பணம் போய்ச் சேராமல் நிற்க அது போதும். "பெயர் ஒரே கட்டமாக, அடையாள அட்டையில் உள்ளபடியே, சாய்கோட்டையும் ஏற்க வேண்டும்" என்று எழுதுங்கள்.

அடையாள எண். எஸ், டி, எஃப், ஜி என்று நாலு எழுத்தில்தான் தொடங்கும் என்று நினைத்துக் கட்டிய சிஸ்டங்கள் இருந்தன. 2022 ஜனவரி 1 முதல் புதிதாக வரும் வெளிநாட்டினருக்கு எம் எழுத்தில் எண் தருகிறார்கள். விதிகள் மாறும் என்று எதிர்பார்த்து எழுதுங்கள். உதவித்தொகைக்கான வருமான வரம்பும் அப்படித்தான். அதை மென்பொருளுக்குள் பூட்டிவைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அதிகாரம் உள்ள அலுவலர் திரையிலேயே மாற்றும்படி கேளுங்கள்.

பிறந்த தேதி. மேலே சொன்ன பாட்டி.

தொலைபேசிக்குப் போகும் குறுஞ்செய்தி. இதை எழுதும்போது இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. ஒரு திட்டத்தில் "சந்திப்புக்கு முந்தைய நாள் தானாகக் குறுஞ்செய்தி போகும்" என்று எல்லோரும் மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டார்கள். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண் ஒருவர் வருகிறார், அவர் கொடுத்த எண் வீட்டில் கணவரும் பார்க்கும் போன் என்றால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியை நான் கேட்டபோது அறை அமைதியாகிவிட்டது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அப்படி ஒரு பெண்ணோடு அவர்கள் உட்கார்ந்து பேசியதில்லை, அவ்வளவுதான். கடைசியில் மூன்று வரி சேர்த்தோம்: பாதுகாப்பான எண்ணா என்று அலுவலர் கேட்டுக் குறிக்க வேண்டும், குறிக்காவிட்டால் செய்தி போகக்கூடாது, செய்தியில் எதற்கான சந்திப்பு என்று இருக்கக்கூடாது. ஒரே கேஸில் இருக்கும் கணவன், மனைவி இருவருக்கும் ஒரே முகவரியைத் தானாக நிரப்பிக் கடிதம் அச்சிடும் வசதியையும் இதே கண்ணோடு பாருங்கள். வீட்டைவிட்டு வந்த மனைவி எங்கே தங்கியிருக்கிறார் என்பது கணவர் கைக்குப் போகும் கடிதத்தில் இருந்துவிடும்.

தமிழ் எழுத்து. நான்கு மொழிகளிலும் கடிதம் வர வேண்டும் என்று எழுதினால் போதும் என்று நினைப்பார்கள். பிடிஎஃப் ஆக மாறும்போது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தைவிட நீளம் என்பதால் பொத்தானுக்கு வெளியே வழியும். "தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு கடிதத்தையும் அச்சில் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்" என்பதையும் ஒரு தேவையாகவே போடுங்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அதைச் சுமையாக நினைக்காதீர்கள். அந்தக் கடிதம் ஒரு தாத்தாவின் கைக்குப் போகிறது.

நான்காம் படி: காசு, ஜீபிஸ், டெண்டர்

அரசாங்க நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. அடுத்த ஆண்டுக்குப் பணம் வேண்டுமென்றால் பல மாதம் முன்பே காரணத்தோடு கேட்டிருக்க வேண்டும். "இப்போது தேவை தெரிந்துவிட்டது, இப்போதே வாங்குவோம்" என்பது இங்கே நடக்காது. முதலில் உங்கள் அமைப்பில் தேவைக்கு ஒப்புதல். பிறகு ஜீபிஸ் என்னும் அரசாங்கக் கொள்முதல் தளத்தில் அறிவிப்பு. தொகையைப் பொறுத்து விலைக்கேட்பா, டெண்டரா என்று மாறும். கேஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம் அளவுக்கு எதுவானாலும் டெண்டர்தான். அப்புறம் மதிப்பீடு, ஒப்புதல், ஒப்பந்தம். வேலை தொடங்கும்போது நீங்கள் தேவை எழுதி ஒரு வருடம் ஆகியிருக்கும்.

இதில் புதியவர் தெரிந்துகொள்ள வேண்டியது: டெண்டர் ஆவணத்தில் இல்லாதது ஒப்பந்தத்தில் இல்லை. ஒரு திட்டத்தில் மாத முடிவு அறிக்கையை எக்செலில் இறக்கும் வசதியை எழுத மறந்துவிட்டோம். எல்லா சிஸ்டத்திலும் இருக்கும்தானே என்று எங்கள் பக்கம் யாருமே யோசிக்கவில்லை. ஒப்பந்த நிறுவனத்தில் மதுரைக்காரத் தம்பி ஒருவர் இருந்தார், கெட்டிக்காரர். அவரிடம் கேட்டேன். "அக்கா, டெண்டர்ல இது இல்லையே. நான் செஞ்சு குடுத்தா எங்க மேனேஜர் என்னைத்தான் கேப்பாரு" என்றார். அவர் சொன்னது நியாயம். அது சேஞ்ச் ரிக்வஸ்ட், அதாவது ஒப்பந்தத்துக்குப் பிறகு கேட்கும் மாற்றம், ஆனது. தனி விலை, தனி ஒப்புதல், மூன்று மாதத் தாமதம். அதுவரை முகப்பு அலுவலர்கள் ஒவ்வொரு மாதமும் கையால் எண்ணி எழுதினார்கள். அந்தத் தவறு எங்களுடையது, அதில் என் பங்கும் உண்டு. அதன் பிறகு டெண்டர் போவதற்கு முன், பழைய சிஸ்டத்தைத் தினமும் பயன்படுத்துபவர் பக்கத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்து அவர் அழுத்தும் ஒவ்வொரு பொத்தானையும் எழுதிக்கொள்கிறேன்.

டெண்டர் திறந்திருக்கும் நாட்களில் நடத்தை மாற வேண்டும். பங்கேற்கும் நிறுவனத்துக்காரர் பழைய நண்பராக இருந்தாலும் கோப்பி குடிக்கப் போகாதீர்கள். ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் எல்லோருக்கும் போக வேண்டும். சமூகப் பணியில் தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு வந்தால் எப்படி மனம் நோகாமல் மறுப்பது என்று பழகியிருப்போம்; அந்தப் பழக்கம் இங்கே அப்படியே உதவும். மதிப்பீட்டில் உட்கார்ந்தால் விலையும் தரமும் எந்த விகிதத்தில் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கும். உங்கள் மதிப்பெண்ணுக்குக் காரணத்தை எழுதிவையுங்கள். தணிக்கைக்கு யாராவது வந்து மூன்று வருடம் கழித்துக் கேட்பார்கள்.

தமிழர்களுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒப்பந்த நிறுவனங்களில் தமிழ் பேசும் பொறியாளர்கள் நிறைய. தேநீர் இடைவேளையில் நம் மொழியில் பேசினால் பாதிச் சிக்கல் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும், அது பெரிய வசதி. ஆனால் அங்கே முடிவானதை அன்றே ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக எல்லோருக்கும் அனுப்புங்கள். பக்கத்தில் இருக்கும் சீன, மலாய் சகாக்களுக்குத் தெரியாமல் திட்டம் நகர்ந்தால், நாளை ஒரு பிழை வரும்போது அவர்கள் உங்களை நம்ப மாட்டார்கள். எழுதாமல் விட்ட பேச்சை மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் இரண்டு விதமாக நினைவு வைத்திருப்பீர்கள் என்பது வேறு.

ஐந்தாம் படி: தரவுப் பாதுகாப்பு

2018-இல் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தின் தரவுத்தளத்துக்குள் ஊடுருவி 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களைத் திருடினார்கள். அவர்களில் சுமார் 1,60,000 பேருடைய மருந்து விவரமும் போனது. விசாரணைக் குழு கண்ட குறைகளில், சந்தேகத்துக்குரியதைப் பார்த்த ஊழியர்கள் நேரத்தில் மேலே சொல்லாததும் ஒன்று. நான் இதைக் குறிப்பிடக் காரணம், கருவிகள் வாங்குவது தொழில்நுட்பக் குழுவின் வேலை. யாரிடம் சொல்வது, எவ்வளவு நேரத்துக்குள் சொல்வது என்று ஊழியர்களுக்குப் பழக்கிவைப்பது உங்கள் வேலையாகவும் இருக்கும்.

சட்டத்தில் ஒரு வேறுபாடு. நீங்கள் இப்போது இருக்கும் சமூக சேவை அமைப்புக்குத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அரசாங்க அமைப்புக்குள் போனால் 2018-ஆம் ஆண்டின் பொதுத்துறை ஆளுமைச் சட்டம். அனுமதியின்றித் தரவை வெளியிடும் அதிகாரிக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே ஐஎம்8 என்று எல்லோரும் சொல்லும் அரசாங்கத் தொழில்நுட்ப விதித் தொகுப்பு உண்டு. அதை முதல் வாரமே முழுவதும் படிக்க உட்காராதீர்கள், தூக்கம் வரும். உங்கள் திட்டத்தின் தரவு எந்த வகைப்பாட்டில் வருகிறது என்று கேட்டு, அந்தப் பகுதியை மட்டும் முதலில் படியுங்கள்.

சமூகப் பணியாளருக்கு வரும் ஒரு ஆசையைப் பற்றி எச்சரிக்க வேண்டும். சோதனைக்கு நல்ல உதாரணம் வேண்டும் என்று, மனத்தில் நிற்கும் உண்மையான கேஸ் ஒன்றைப் பெயர் மாற்றி உள்ளே போடத் தோன்றும். செய்யாதீர்கள். பெயரை மாற்றினாலும் "ஐந்து பிள்ளைகள், தந்தை சிறையில், இந்தப் பேட்டையில் வாடகை வீடு" என்றாலே அக்கம்பக்கத்தவருக்கு யார் என்று தெரிந்துவிடும். நம் ஊர் சின்னது. கற்பனைக் குடும்பங்களை உட்கார்ந்து எழுதுங்கள். அப்புறம், யார் எந்தக் கேஸைத் திறந்து பார்த்தார் என்ற பதிவு இருக்கிறதா, அதை யாராவது உண்மையிலேயே மாதம் ஒருமுறை பார்க்கிறார்களா என்று கேளுங்கள். தன் அண்ணியின் கேஸை எட்டிப் பார்க்க ஆசைப்படும் ஊழியர் எந்த அலுவலகத்திலும் ஒருவர் இருக்கலாம்.

ஆறாம் படி: யுஏடி

பயனர் ஏற்புச் சோதனையை எல்லோரும் யுஏடி என்றுதான் சொல்வார்கள். நிறுவனம் ஒரு அட்டவணை தரும்: இந்தப் பொத்தானை அழுத்து, இது வர வேண்டும், வந்ததா, ஆம், இல்லை. அப்படிச் சோதித்தால் எல்லாம் பச்சையாக வரும், முதல் நாள் முகப்பில் எல்லாம் நின்றுபோகும்.

நான் செய்வது வேறு. கதை எழுதுகிறேன். "கணவர் இறந்து இரண்டு வாரம். மனைவிக்கு ஆங்கிலம் வராது. மூத்த மகன் தேசிய சேவையில். விண்ணப்பம் பாதி நிரப்பும்போது அவர் வங்கிப் புத்தகம் கொண்டுவரவில்லை என்று தெரிகிறது. நாளை வேறொரு அலுவலர் தொடர வேண்டும்." இப்படி இருபது கதை. ஒரே கதையில் சேமித்து நிறுத்துவது, வேறு கைக்கு மாறுவது, குடும்ப உறுப்பினர் நிலை மாறுவது, ஆவணம் பிறகு சேர்ப்பது எல்லாம் சோதனையாகிவிடும். கேஸ் எடுத்துப் பழகிய உங்களால் ஒரு மதியத்தில் எழுத முடியும், வேறு யாராலும் இவ்வளவு நன்றாக எழுத முடியாது.

சோதிக்க ஆள் தேர்ந்தெடுக்கும்போது கணினியில் கெட்டிக்காரர்களை மட்டும் அனுப்புவார்கள். இரண்டு விரலில் தட்டும், ஓய்வுபெற மூன்று வருடம் இருக்கும் அக்காவையும் கேட்டு வாங்குங்கள். அவர் தடுமாறும் இடம்தான் மெய்யான பிழை. அவரை அவசரப்படுத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து, உதவாமல் பாருங்கள். உதவாமல் இருப்பது நமக்குக் கஷ்டம். கையைக் கட்டிக்கொண்டு பழகுங்கள்.

கடைசி வாரத்தில் நெருக்கடி வரும். "சின்னப் பிழைதானே, கையெழுத்துப் போடுங்கள், பிறகு சரிசெய்கிறோம்." பெரும்பாலும் நல்ல மனதோடுதான் கேட்பார்கள். எந்தப் பிழை மக்களுக்குப் பணம் போவதைத் தடுக்கும், எது பாதுகாப்பைக் குலைக்கும், எது வெறும் அழகுப் பிரச்சினை என்று முன்பே மூன்றாகப் பிரித்து இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தால் இந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியும். முதல் இரண்டில் ஒன்று மீதம் இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். நான் ஒருமுறை மறுத்தேன். மூன்று நாள் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. நாலாவது நாள் பிழை சரியானது.

ஏழாம் படி: திறக்கும் நாள்

நாள் குறிப்பதில் உங்கள் அனுபவம் வேண்டும். உதவித்தொகை போகும் வாரம், பள்ளி திறக்கும் ஜனவரித் தொடக்கம், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் வேண்டாம். நிதியாண்டுக் கணக்குக்காக மார்ச் 31-க்குள் திறக்கச் சொல்வார்கள். பணக் கணக்கு வேறு, மக்கள் வரிசையில் நிற்பது வேறு என்று பணிவாகவும் எழுத்திலும் சொல்லுங்கள்.

தரவு மாற்றத்தை ஒருமுறை செய்து பார்த்தால் போதாது, குறைந்தது இரண்டு ஒத்திகை. எண்ணிக்கை மட்டும் பார்க்காதீர்கள். ஐம்பது கேஸை எடுத்து, பழைய திரையையும் புதிய திரையையும் பக்கத்தில் வைத்து, கண்ணால் ஒப்பிடுங்கள். சிஸ்டம் விழுந்தால் எந்தத் தாளில் எழுதுவது, அந்தத் தாள் எந்த அலமாரியில் இருக்கிறது, பிறகு யார் உள்ளே ஏற்றுவது என்று ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளை நான்கு பிரதி எடுத்து நானே அலமாரியில் வைத்துவிட்டு வருவேன்.

திறந்த பிறகு பழுது பார்க்கும் உத்தரவாதக் காலம் ஒப்பந்தத்தில் இருக்கும். அது முடிவதற்குள் பிழைகளைப் பிடித்துச் சொன்னால்தான் இலவசமாகச் சரியாகும். ஆனால் அலுவலர்கள் புகார் எழுத மாட்டார்கள். நான் ஜனவரி 1 தட்டியதுபோல ஏதாவது ஒரு குறுக்குவழி கண்டுபிடித்துச் சமாளித்துவிடுவார்கள். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. முதல் மாதம் வாரம் ஒரு நாள், பிறகு மாதம் ஒரு நாள், ஒரு சமூக சேவை அலுவலகத்துக்குப் போய் முகப்பு அலுவலரின் பின்னால் நாற்காலி போட்டு உட்காருங்கள். அவர் திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருப்பார். அதில் எழுதியிருப்பதை ஒவ்வொரு வரியாகக் குறித்துக்கொண்டு வாருங்கள்.